வாய் திறந்த குறி

3 < 5 என்று எழுதுகிறீர்களே, பெரிய எண் பக்கம் வாய் திறந்திருக்கும் அந்தக் குறி யாருடைய நூலில் முதலில் அச்சேறியது தெரியுமா?

தாமஸ் ஹாரியட் நூலில்! இவர் 1560 வாக்கில் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் பிறந்தவர். 1609 ஜூலையில், கலிலியோவுக்குச் சில மாதங்கள் முன்பே, தொலைநோக்கியில் நிலவைப் பார்த்து வரைந்தார். ஆனால் வெளியிடவில்லை. புகழ் கலிலியோவுக்கே போனது.

அவருடைய கணக்குகளும் தாள்களிலேயே கிடந்தன. 1621-ல் அவர் மறைந்தார். நண்பர்கள் அத்தாள்களைத் தொகுத்து 1631-ல் நூலாக்கினர். அவர் எழுதிய குறியைச் சற்று எளிமையாக்கி அச்சிட்டனர்.

இன்று □ + 2 > 5 என்ற அசமன்பாட்டில் இருபுறமும் 2-ஐக் கழித்து, □ > 3 என்கிறீர்கள். 3 சேராது, எனவே எண்கோட்டில் அங்கே வெற்று வட்டமிட்டு, வலப்பக்கம் அம்புக்குறி போடுகிறீர்கள். அப்போது ஹாரியட்டை நினையுங்கள். கண்டறிந்ததைப் பிறருக்கும் சொல்லுங்கள்!