பனிமய மாதாவின் பிள்ளை

சினிமா நடிகர் ஒருவருடைய வாழ்க்கை வரலாறு நம் பள்ளி ஆண்டு மலரில் எதற்கு என்று பெற்றோர் சிலர் முகம் சுளிக்கலாம். நியாயந்தான். ஆனால் நான் சொல்லப்போகும் நடிகர் நமக்கு அந்நியர் அல்லர். நம் இராமநாதபுரக் கடற்கரையைப் பிடித்துக்கொண்டே தெற்கே போனால் மூக்கையூர். அதையும் தாண்டினால் வேம்பாறு. வேம்பாற்றிலிருந்து தொடங்குகிறது முத்துக்குளித்துறை. அந்தத் துறையின் தலைப்பட்டினமாகிய தூத்துக்குடியிலே, பனிமய மாதா பேராலயத்தின் மணியோசை கேட்கும் எல்லைக்குள் பிறந்தவர் அவர். ஜோசப் பனிமயதாசன் சந்திரபாபு என்பது முழுப்பெயர். தமிழ்நாடு அவரை ஜே.பி. சந்திரபாபு என்று அறியும்.

அவர் பிறந்தது 1927-ஆம் ஆண்டு, ஆகஸ்டு மாதத்தின் முதல் வாரம். பனிமய மாதாவின் திருவிழா ஆகஸ்டு 5-ஆம் நாள் என்பதைக் கடலோரத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொடியேறி, நவநாள் நடந்து, ஊரெல்லாம் விருந்தினர் நிறைந்திருக்கும் வேளையில் அந்தப் பிள்ளை பிறந்தது. பிறந்த சில நாளிலேயே கடுமையான நோய் கண்டது. பிழைக்காது என்று எண்ணினார்கள். பிழைத்தது. மாதா தந்த உயிர் என்று நம்பிய பெற்றோர் அவளுடைய அடியான் என்ற பொருளில் பனிமயதாசன் என்று பெயர் சூட்டினார்கள்.

தகப்பனார் ஜோசப் பிச்சை ரொட்ரிகோ. இந்தப் போர்த்துக்கீசியக் குடும்பப் பெயர்கள் நம் கரையோரத்தில் 1530-களில் நடந்த ஞானஸ்நானங்களின் எச்சம். புனித சவேரியார் 1542-இல் இங்கு வருவதற்கு முன்பே வந்துவிட்ட பெயர்கள் இவை. பெயர் அயல்நாட்டுப் பெயராயினும் ரொட்ரிகோவின் இரத்தம் சுதேசி இரத்தம். சுதந்திர வீரன் என்று ஒரு பத்திரிகை நடத்தினார். வெள்ளையர் ஆட்சி அதைப் பறிமுதல் செய்தது. சத்தியாக்கிரகத்தில் சேர்ந்து சிறை சென்றார். விடுதலையான பின்னும் ஊரில் இருக்கவிடவில்லை; குடும்பம் கொழும்புக்குப் போக நேர்ந்தது. ஆக, நம் சிரிப்பு நடிகரின் குழந்தைப் பருவமே தேசத்துக்காகத் தகப்பன் பட்ட தண்டனையின் நிழலில்தான் தொடங்கிற்று. சந்திரபாபுவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

அந்நாளில் இலங்கைக்குப் போவது பெரிய காரியமல்ல. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு நேரே கப்பல் உண்டு. நம் தனுஷ்கோடியிலிருந்தும் 1914 முதல் தலைமன்னாருக்குக் கப்பல் போய்வந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை விழுங்கும்வரை இக்கரையும் அக்கரையும் ஒரே வீட்டின் இரண்டு திண்ணைகள் போல இருந்தன. கொழும்பில் கத்தோலிக்கப் பள்ளியில் படித்தார் சிறுவன். ஆங்கிலம் சரளமாக வந்தது. துறைமுக நகரமாகையால் மேனாட்டு இசைத்தட்டுகள் எளிதில் கிடைத்தன. மலைநாட்டு இடையர்கள் ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்குத் தொண்டையை உடைத்து உடைத்துக் குரல் எழுப்புவார்களே, அதற்கு யோடலிங் என்று பெயர். அந்த வித்தையை இசைத்தட்டுகளிலிருந்து பிடித்துக்கொண்டார். பிற்காலத்தில் அதைத் தமிழ்ப் பாட்டுக்குள் கொண்டுவந்து, கர்நாடக இராகத்திற்குப் பழகிய காதுகளையும் கேட்க வைத்தார்.

1943-இல் குடும்பம் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணியில் குடியேறியது. பையனுக்கு சினிமா ஆசை. வீட்டாருக்கு அதில் இஷ்டமில்லை. 1947-இல் தன அமராவதி என்ற படத்தில் சிறு வேடம் கிடைத்தது. அதற்குப் பிறகு ஐந்தாண்டு காலம் ஸ்டூடியோ வாசல்தான். பாடகராகவும் முயன்றார். இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமனிடம் குரல் பரிசோதனைக்குப் போனபோது, அங்கே உதவியாளராயிருந்த இளைஞர் இவர் பாட்டு தேறாது என்று சொல்லிவிட்டாராம். அந்த இளைஞர்தாம் எம்.எஸ். விசுவநாதன். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மீண்டும் வருவார்.

1952-இல் நடந்ததை மறைக்காமல் சொல்லவேண்டும் என்று எண்ணுகிறேன். ஜெமினி ஸ்டூடியோவில் எத்தனையோ முறை ஏறி இறங்கியும் அதிபர் எஸ்.எஸ். வாசனைப் பார்க்கக்கூட முடியாமற்போன மனவேதனையில், அந்த ஸ்டூடியோவிலேயே சந்திரபாபு தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். காப்பாற்றிவிட்டார்கள். அக்காலச் சட்டப்படி அது குற்றம். கைது செய்து நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள், பிறகு விடுவித்தார்கள். செய்தி அறிந்த வாசன் அவரை அழைத்து அவ்வாண்டே மூன்று பிள்ளைகள் படத்தில் வேடம் தந்தார்.

இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிட எனக்கு மனமில்லை. அப்படிச் செய்ததால்தானே வாய்ப்புக் கிடைத்தது என்று யாரும் கணக்குப் போட்டுவிடக் கூடாது. பிழைத்தது தற்செயல். மருத்துவமனைக்குக் கொண்டுபோவதில் கால்மணி நேரம் தாமதித்திருந்தால் அவர் யாரென்றே நாம் அறிந்திருக்க மாட்டோம். 25 வயதுப் பிள்ளை, வீட்டோடு மனத்தாங்கல், பேச ஒருவருமில்லை. அப்படியொரு இருள் நம்மில் யார் மேலும் கவியலாம். கவிந்தால் தாயிடமோ, ஆசிரியையிடமோ, அருட்சகோதரிகளில் ஒருவரிடமோ அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள், மாணவியரே. விடிந்த பின் சொல்லலாம் என்று இருக்க வேண்டாம்.

அதன் பிறகு வந்த பத்தாண்டு சந்திரபாபுவின் பத்தாண்டு. 1954-இல் வெளிவந்த பெண் படத்தில் வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் நடிக்க, அவருக்காகப் பின்னணி பாடினார். குலேபகாவலி, புதையல், மணமகன் தேவை, நாடோடி மன்னன், பதிபக்தி, மரகதம் என்று வரிசையாகப் படங்கள். எம்.ஜி.ஆர். படமானாலும் சிவாஜி படமானாலும் சந்திரபாபுவுக்கு ஒரு பாட்டு இருக்க வேண்டும் என்று விநியோகஸ்தர்கள் கேட்கும் நிலை வந்தது. தாமே பாடி, தாமே ஆடி, விழுந்து, எழுந்து, மேசை நாற்காலிகளைத் தாண்டி அவர் செய்யும் சேட்டைகளில் ஓர் ஒழுங்கு இருக்கும். எலும்பில்லாத உடம்போ என்று தோன்றும். அதே மனிதர் தத்துவப் பாட்டொன்றைப் பாடும்போது சிரித்த அதே வாய் நம்மைக் கலங்க வைத்துவிடும். மற்ற ஹாஸ்ய நடிகர்களுக்கும் இவருக்கும் வித்தியாசம் அங்கேதான்.

1958-இல் பி.ஆர். பந்துலு எடுத்த சபாஷ் மீனாவை மட்டும் தனியே சொல்லவேண்டும். சிவாஜி கணேசன் கதாநாயகர். சந்திரபாபுவுக்கு இரட்டை வேடம். ஒருவர் படித்த, பயந்த சுபாவமுள்ள இளைஞர். மற்றவர் சென்னை பாஷை பேசும் ரிக்‌ஷாக்காரர். கொழும்பில் வளர்ந்து ஆங்கிலம் பேசிய தூத்துக்குடிக்காரர், சென்னைத் தெருவின் பேச்சை அச்சு அசலாகத் திரைக்குக் கொண்டுவந்தார். இப்படம் 1962-இல் தில் தேரா தீவானா என்ற பெயரில் இந்திக்குப் போனது. அங்கே சந்திரபாபுவின் வேடத்தை ஏற்ற மெஹ்மூதுக்கு பிலிம்பேர் பரிசு கிடைத்தது. மூலத்தில் நடித்தவருக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை என்பதில் எனக்கு இன்றும் ஒரு சிறு வருத்தம் உண்டு.

அடுத்த ஆண்டு ஏ.வி.எம். நிறுவனத்தாரின் சகோதரி. படம் முடிந்த பின் போட்டுப் பார்த்த மெய்யப்பச் செட்டியாருக்குத் திருப்தியில்லை. சந்திரபாபுவை அழைத்தார். பால்காரர் வேடம் ஒன்றை அவர் கற்பனை செய்து, கதைக்குள் இடைச்செருகலாக ஒரு ஹாஸ்யப் பகுதியை நடித்துக் கொடுத்தார். படம் ஓடிற்று. சட்டை தைத்த பிறகு அளவு பார்த்து ஒட்டுப் போட்டு, ஒட்டே தெரியாமல் செய்வதற்கு ஒப்பான காரியம் அது.

டாக்டர் ராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவராயிருந்தபோது நம் திரைக்கலைஞர்கள் சிலர் அவரைச் சந்தித்தனர். சந்திரபாபு பாடினார். தலைவர் மெய்ம்மறந்து பாராட்டியதும் இவருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. சட்டென்று போய் அவர் மடியில் உட்கார்ந்துவிட்டாராம்! கூட வந்தவர்களுக்கு உயிரே போய்விட்டது. தத்துவ மேதையோ சிறிதும் கோபிக்கவில்லை. குழந்தை மனம் என்பதா, வரம்பு அறியாமை என்பதா? இரண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது. பெரியவர், சிறியவர் என்று பாராமல் மனத்தில் பட்டதைப் பட்டென்று சொல்வார். அதைச் சிலர் இரசித்தனர், சிலர் மறக்கவில்லை.

வீட்டு வாழ்வில் அவருக்குச் சுகம் வாய்க்கவில்லை. 1958-இல் மணம் நடந்தது. தம் மனம் வேறிடத்தில் இருப்பதை மனைவி சொன்னபோது, ஆத்திரப்படாமல், அவதூறு பேசாமல், அந்தப் பெண்ணை அவர் விருப்பப்படியே அனுப்பிவைத்தார். மறுபடி மணம் செய்துகொள்ளவில்லை. திருமணம் ஒரு தேவதிரவிய அனுமானம் என்று கற்கும் நமக்கு இது எளிதான செய்தியல்ல. ஆயினும் ஒரு பெண்ணின் மானத்தைக் காத்தவர் என்பதைச் சொல்லாமல் விடுவதும் நீதியாகாது.

1960-இல் கவிஞர் கண்ணதாசன் தயாரித்த கவலை இல்லாத மனிதனில் கதாநாயகரானார். படம் தோற்றது. படப்பிடிப்புக்கு ஒழுங்காக வராமல் தயாரிப்பாளரைப் படுத்திய பழி அவருக்கு உண்டு. கண்ணதாசன் பெருங்கடனில் விழுந்தார். கவலை இல்லாத மனிதன் இன்னொருவருக்குக் கவலை தந்தார் என்பது மறுக்க முடியாத உண்மை. அதே கவலை பிறகு அவர் வாசலுக்கும் வந்தது. எம்.ஜி.ஆரை வைத்து மாடி வீட்டு ஏழை என்ற படத்தைத் தாமே தயாரித்து இயக்கத் தொடங்கினார். சிறிது தூரம் வளர்ந்து படம் நின்றுபோயிற்று. யார் மேல் தவறு என்று இன்றும் வாதிடுகிறவர்கள் உண்டு. நமக்கு அந்த வழக்கு வேண்டாம். சென்னையில் அவர் ஆசை ஆசையாகக் கட்டிய பெரிய வீடு, கார் மாடிவரை ஏறிப்போகும்படி திட்டமிட்டதாகச் சொல்லப்படும் வீடு, கடனில் போயிற்று. படத்தின் தலைப்பைத் திரும்ப ஒருமுறை படித்துப் பாருங்கள்.

1966-இல் தட்டுங்கள் திறக்கப்படும் என்ற படத்தைச் சொந்தமாக இயக்கினார். நடிகை சாவித்திரி உடன் நடித்தார். மத்தேயு நற்செய்தி ஏழாம் அதிகாரத்திலிருந்து எடுத்த தலைப்பு என்பதை மறைக்கல்வி வகுப்பில் தூங்காத எந்தப் பிள்ளையும் கண்டுபிடித்துவிடும். ஜெமினி வாசலில் நின்ற அந்த இளைஞரை நினைத்துத்தான் வைத்தாரோ என்னவோ. படம் ஓடவில்லை. அதற்குள் மதுவும் மயக்க மருந்தும் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தன. எலும்பில்லாதது போல் வளைந்த உடம்பு தளர்ந்தது. நாகேஷ் போன்ற புதியவர்கள் வந்துவிட்டார்கள். 1969-இல் அடிமைப்பெண் படத்தில் எம்.ஜி.ஆர். வேடம் கொடுத்தார். பழைய மனத்தாங்கலை வைத்துப் பார்த்தால் அது சிறிய செயல் அல்ல.

1974 மார்ச் 8-ஆம் நாள் சென்னையில் இறந்தார். வயது 46. கையில் காசில்லை. ஒருகாலத்தில் அவர் குரல் தேறாது என்று சொன்ன விசுவநாதன்தான் இறுதிவரை உற்ற நண்பராயிருந்தார். அடக்கச் சடங்குகளை முன்னின்று நடத்தியவரும் அவரே. சாந்தோமை அடுத்த கிபிள் தீவுக் கல்லறைத் தோட்டத்தில் சந்திரபாபு அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் மறைந்த மறு ஆண்டு, 1975 ஆகஸ்டில், சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. பின்னாளில் வெள்ளிக்கிழமை தோறும் ஒளியும் ஒலியும் வந்தபோது, அவரை ஒருபோதும் நேரில் கண்டிராத பிள்ளைகள் அந்தச் சிறு பெட்டியின் முன் அமர்ந்து அவரைக் கண்டு சிரித்தார்கள். அதற்கும் வெகுகாலம் முன்பிருந்தே நம் பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம் வீடுகளில் இலங்கை வானொலி வழியாக அவர் குரல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. சென்னை நிலையத்தைவிடக் கொழும்பு நிலையமே நமக்குத் தெளிவாகக் கேட்கும். அவர் பிள்ளைப்பருவத்தில் யோடலிங் பழகிய அதே கொழும்பிலிருந்து, அவர் குரல் கடலைத் தாண்டி நம் கரைக்கு வந்தது.

சென்ற ஆண்டு விழாவில் விடுதிப் பிள்ளை ஒருத்தி, அப்பாவின் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சந்திரபாபு போல் ஆடினாள். தொண்டையை உடைத்துப் பாட வேண்டிய இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன்வரிசையில் அமர்ந்திருந்த வயதான சகோதரி ஒருவர் அந்த இடத்தை மெல்லிய குரலில் தாமே பாடி முடித்தார். எங்கே கற்றீர்கள் என்று கேட்டோம். சிறு வயதில், வேம்பாற்றில், அடுத்த வீட்டு வானொலியில் என்றார்.