அபிநவகுப்தர் கண்ட அவலச்சுவை

காசுமீரத்தில் கி. பி. 10-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றிய அபிநவகுப்தரைத் தந்திராலோகம் இயற்றிய சைவப் பேராசிரியராகவே பலரும் அறிவர். கலையாராய்ச்சியில் அவர் கண்ட உண்மையொன்றை ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

இளமையிலேயே அன்னையை இழந்த இவர், தந்தையார் நரசிம்மகுப்தரிடம் இலக்கணமும், பட்டதௌதரிடம் நாட்டிய நூலும், பட்ட இந்துராசரிடம் தொனி நூலும் பயின்றார். பின்னர்ப் பரதரின் நாட்டிய சாத்திரத்திற்கு அபிநவபாரதி என்னும் உரையும், ஆனந்தவர்த்தனரின் துவனியாலோகத்திற்கு லோசனம் என்னும் உரையும் வகுத்தார். இவர் நூல்களுட் காலங் குறிக்கப்பெற்றவை ஏறத்தாழ 991 முதல் 1015 வரை எழுந்தவை.

வாழ்வில் நம்மை வருத்தும் துயரம் காவியத்திற் சுவையாவது எங்ஙனம்? வேடன் அம்பால் துணையிழந்த கிரவுஞ்சப் பறவையின் அவலத்தினின்றன்றோ வான்மீகியார் செய்யுள் பிறந்தது! ஆயினும், அம்முனிவர் தாமே அத்துயருள் அழுந்தியிருப்பின் செய்யுள் எழுந்திராது என்பது லோசனத்தின் துணிபு. இன்னார்க்கு, இன்னவிடத்து, இன்ன காலத்து என்னும் வரையறை நீங்கிப் பொதுமையுற்ற துயரமே அவலச்சுவையாம். அதனை நுகருங்கால் யான் எனது என்னும் கட்டு நெகிழ்தலின், காண்போர் கண்ணீர் உகுத்தும் துன்புறார்.

ஆகலின், செய்யுளிற் கண்ட துயரத்தைப் புலவனது சொந்தத் துயரமெனக் கொண்டு அளக்கப் புகுதல் பொருந்தாது. அன்னையை இழந்த துயர் அபிநவகுப்தர்க்கே உரியது. அவர் விளக்கிய அவலமோ யாவர்க்கும் உரியது. அவர்தங் கொள்கை நம் சித்தாந்தத்தின் வேறாயினும், இவ்விளக்கம் இலக்கியங் கற்பார் அனைவர்க்கும் பெருந்துணையாம் என்று கருதுகின்றோம்.