முகத்துக்கு முகம் எத்தனை தொலைவு?

தொலைவு என்றதும் நமக்கு மதுரை எத்தனை கிலோமீட்டர், பழனி எத்தனை கிலோமீட்டர் என்றுதான் நினைவு ஓடும். மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையே தொலைவு உண்டா? ஒரு முகம் மற்றொரு முகத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று எண்ணால் சொல்ல இயலுமா? இயலும் என்று காட்டியவர் பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். அவரை ஐந்தாண்டுத் திட்டத்தோடு சேர்த்துப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். அவர் தலை அளந்த கதையை அதிகம் பேர் அறியார்.

மகலனோபிஸ் 1893 ஜூன் 29ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். பிரசிடென்சிக் கல்லூரியில் இயற்பியல் பயின்று, 1913இல் கேம்பிரிட்ஜ் சேர்ந்தார். அங்கே நம் கணித மேதை இராமானுஜன் அவருக்கு நண்பரானார். குளிரில் வாடிய இராமானுஜனுக்குக் கம்பளிகளை விலக்கி உள்ளே படுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர் இவரே. 1915இல் ஊர் திரும்பும் வேளையில், போரினால் கப்பல் தாமதமாயிற்று. காத்திருந்த நாட்களில் பயோமெட்ரிகா என்னும் இதழின் தொகுதிகளைக் கண்டார். அவற்றை வாங்கிக் கப்பலிலேயே படிக்கலானார். இயற்பியலாருக்குப் புள்ளியியலில் வழி திறந்தது அந்தக் கப்பல்தான்.

1920இல் நாகபுரியில் அறிவியல் மாநாடு. விலங்கியல் ஆய்வுத்துறை இயக்குநர் அன்னண்டேல், கல்கத்தாவின் ஆங்கிலோ இந்தியரிடம் எடுத்த உடல் அளவுகளை இவரிடம் ஒப்படைத்தார். அதிலிருந்து 1922இல் முதற்கட்டுரை வந்தது. ஆனால் ஒரு முள் தைத்துக்கொண்டே இருந்தது. இரு கூட்டத்தாரை ஒப்பிட லண்டன் பேரறிஞர் கார்ல் பியர்சன் வகுத்த முறை, ஒவ்வோர் அளவையும் தனித்தனியாக எண்ணியது. உடலோ அப்படியன்று. உயரமானவருக்குக் கை நீளமாயிருந்தால் வியப்பில்லை. குள்ளமானவருக்கு அதே நீளக் கை இருந்தால்தான் வியப்பு. உயரமும் கையும் தனித்தனியே வழக்கத்துக்குள் அடங்கினாலும், சேர்த்துப் பார்க்கையில் அவர் சராசரியிலிருந்து வெகுதூரம் நிற்பார். பூட்டுப் பட்டறையில் வேலை செய்யும் என் தந்தையாரும் சாவியின் ஒரு பல்லை மட்டும் பார்த்து அது சேரும் என்று சொல்லமாட்டார். அளவுகளின் சிதறலையும், அவை ஒன்றோடொன்று கொண்ட உறவையும் ஒருசேரக் கணக்கிலெடுக்கும் தொலைவை மகலனோபிஸ் அமைத்தார். 1936இல் அது முழு வடிவம் பெற்றது.

இங்கே சற்று நிற்க வேண்டியிருக்கிறது. அந்நாளில் தலையும் மூக்கும் அளப்பது அறிவுப்பசிக்காக மட்டும் நடந்ததன்று. ரிஸ்லி என்னும் ஆங்கில அதிகாரி, மூக்கு அகலமாக ஆகச் சாதி தாழும் என்று எழுதினார். சென்னை அருங்காட்சியகத்தின் தர்ஸ்டன் நம் பக்கத்து மக்களின் மூக்கையும் தலையையும் அளந்து குறித்துக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் முப்பாட்டனாரை அப்படி நிற்கவைத்து மூக்கை அளந்திருந்தால் அவரை எந்த வரிசையில் எழுதியிருப்பார்கள் என்று எண்ணும்போது கை நடுங்குகிறது. மகலனோபிசும் அந்தக் கேள்விகளிடையேதான் உழைத்தார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் ரிஸ்லியின் அச்சிட்ட எண்களையே சோதித்து, பிழைகளைக் கண்டு திருத்தினார். வங்கப் பிராமணர் வெளி மாநிலப் பிராமணரைவிட வங்கத்தின் பிற சாதியாரையே அதிகம் ஒத்திருக்கிறார்கள் என்று அவர் கணக்கு காட்டிற்று.

அந்தத் தொலைவு இன்று எங்கே வந்து நிற்கிறது தெரியுமா? பல் மருத்துவரிடம்! என் தங்கைக்குப் பல்வரிசையைச் சீர்செய்யத் தலையைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்தார்கள். அதில் சில புள்ளிகளைக் குறிக்க வேண்டும். மூக்கெலும்பு நெற்றியோடு சேருமிடம் நேசியான். மூளைக்கு அடியில் சேணம் போன்ற குழியின் நடு செல்லா. மேல்தாடையில் ஒன்று, கீழ்த்தாடையில் ஒன்று. இப்புள்ளிகளை இணைத்துக் கோணம் பார்த்தால் எந்தத் தாடை முன்னே, எது பின்னே என்று தெரியும். சொல்ல எளிது. படத்திலோ வலமும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மங்கலாயிருக்கும். நேசியானிலிருந்து 60 மில்லிமீட்டர் தள்ளியுள்ள புள்ளி 1 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் கோணம் ஏறக்குறைய 1 டிகிரி மாறும் என்று நானே போட்டுப் பார்த்தேன். இரு தாடைகளின் கோணங்களுக்கிடையே இயல்பென்று கொள்ளும் வேறுபாடே 2 டிகிரிதான்!

எனவே இயந்திரத்தை உதவிக்கு அழைத்தனர். 1990களில் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் வகுத்த முறை இது: வல்லுநர் புள்ளியிட்ட படங்களிலிருந்து, ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் கருமையும் வெண்மையும் எப்படி மாறுகின்றன என்று கணிப்பொறி கற்கிறது. புதிய படத்தில், கற்ற சராசரியிலிருந்து மகலனோபிஸ் தொலைவு எங்கே மிகக் குறைவோ அங்கே புள்ளியை வைக்கிறது. 2000இல் லண்டனில் 63 படங்களில் 16 புள்ளிகளைத் தேடச்செய்து சோதித்தார்கள். மருத்துவரின் கையை விட்டுவிடும் அளவுக்குத் துல்லியம் வரவில்லை; முதல் மதிப்பீடாகக் கொண்டு பிறகு திருத்திக்கொள்ளலாம் என்றே முடிவு வந்தது. அதன்பின் வேறு முறைகள் பல வந்துவிட்டன.

மற்றவை யாவரும் அறிந்தவை. 1931இல் கல்லூரியின் இயற்பியல் துறையில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கினார். 1950இல் தேசிய மாதிரி ஆய்வு, பின்னர் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம், 1968இல் பத்ம விபூஷண். 1972 ஜூன் 28ஆம் நாள், 79ஆம் பிறந்த நாளுக்கு முதல் நாள் மறைந்தார்.

அவருடைய தொலைவு எப்போதும் ஏதேனும் ஒரு கூட்டத்தின் சராசரியிலிருந்துதான் தொடங்கும். எந்தக் கூட்டம் என்பதே கேள்வி. தாடைக் கோணங்களுக்கு நெடுங்காலம் வழங்கிய இயல்பு எண்கள் அமெரிக்க வெள்ளையரிடம் எடுத்தவை. தென்னிந்தியருக்கு முன்பற்களும் உதடுகளும் இயல்பாகவே சற்று முன்னே நிற்கும். அந்த எண்களோடு ஒப்பிட்டால் குறையே இல்லாத நம் வீட்டு முகமும் விலகியதாகத் தெரியும். தங்கையைப் பார்த்த மருத்துவர், நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் எடுத்த அளவுகளைத்தான் மேசையில் வைத்திருந்தார்.