பட்டாணித் தோட்டத்துத் துறவி

குட்டையான செடியைக் கண்டால் நீரோ உரமோ போதவில்லை என்று எண்ணுகிறோம். ஆனால் நல்ல மண்ணில், நல்ல நீரில் வளர்ந்தும் குட்டையாகவே நிற்கும் செடிகள் உண்டு. இத்தன்மை தலைமுறைதோறும் எவ்வாறு இறங்கி வருகிறது என்பதை எண்ணிக் கணக்கிட்டுக் காட்டியவர் கிரிகோர் மெண்டல் அடிகளார்.

அவர் 1822-ஆம் ஆண்டு, அன்றைய ஆஸ்திரியப் பேரரசில் ஓர் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்தார். அவ்வூர் இன்று செக் நாட்டில் உள்ளது. படிப்பு வறுமையால் தடைப்பட்டபோது, தங்கை தெரேசியா தம் சீதனத்தில் ஒரு பங்கை அண்ணனுக்காக விட்டுக்கொடுத்தார். பிற்காலத்தில் அத்தங்கையின் மைந்தர்களைப் படிக்க வைத்து அண்ணன் நன்றிக்கடன் தீர்த்தார். 1843-இல் புருனோ நகரில் அகுஸ்தினார் சபையின் புனித தோமையார் மடத்தில் சேர்ந்து, 1847-இல் குருப்பட்டம் பெற்றார்.

ஆசிரியர் தகுதித் தேர்வை 1850-இலும் 1856-இலும் எழுதச் சென்றார், இருமுறையும் தேறவில்லை. ஆனால் அதே 1856-இல்தான் மடத்துத் தோட்டத்தில் பட்டாணி ஆராய்ச்சியைத் தொடங்கினார். நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் தம் கையாலேயே மகரந்தம் சேர்த்து இணைத்தார். பிறந்தவை எல்லாம் நெட்டை! அவற்றின் விதைகளை விதைத்தபோதோ, 1064 செடிகளில் 787 நெட்டை, 277 குட்டை. மறைந்த பண்பு அழியவில்லை. மூன்றுக்கு ஒன்றாகத் திரும்பி வந்தது.

1865-இல் இதனை அறிஞர் அவையில் படித்தார். 1866-இல் அச்சிலும் வந்தது. உலகம் கவனிக்கவில்லை. மடத்தின் தலைவராகி, 1884-இல் இறைவனடி சேர்ந்தார். 1900-இல்தான் அறிஞர் மூவர் அவர் கண்ட உண்மையைத் தாமும் கண்டு, அவர் பெயரை உலகறியச் செய்தனர்.

அந்தக் குட்டைக்குக் காரணம் என்ன? 1997-இல் விடை கிடைத்தது. தண்டை நீளச் செய்யும் ஜிப்ரலின் என்னும் ஹார்மோனை ஆக்கும் நொதியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. அதனால் ஹார்மோன் குறைந்து, கணுக்களுக்கு இடைப்பட்ட தண்டு நீளவில்லை. குட்டைக் கோதுமையின் கதை வேறு. செடியின் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்தும் புரதம் ஒன்று உண்டு. ஜிப்ரலினின் செய்தி வந்ததும் அது விலகி வழிவிட வேண்டும். குட்டைக் கோதுமையிலோ அப்புரதம் மாறிவிட்டதால், செய்தி வந்தும் விலகுவதில்லை. இது 1999-இல் தெரியவந்தது. 1960-களில் நம் நாட்டு வயல்களுக்கு வந்து பசி தீர்த்தவை இத்தகைய குட்டைக் கோதுமைகளே. கதிர் கனத்தாலும் அவை எளிதில் சாய்வதில்லை அல்லவா!

அரசுப் பொதுத் தேர்வை எதிர்நோக்கியிருக்கும் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள், தேர்வில் தோற்ற இம்மேதையை அன்புடன் நினைக்கிறோம். மதிப்பெண் அட்டை அவருடைய அறிவை அளக்கவில்லை. பாராட்டை எதிர்பாராமல் அவர் எட்டாண்டுகள் பொறுமையாய் விதைத்தார், எண்ணினார், எழுதி வைத்தார். நாமும் நம் கடமையை அவ்வாறே செய்வோமாக!