எந்தக் கரை சொந்தக் கரை?



கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக வரும் நெடுஞ்சாலை பெரகல சந்தியில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு பாதை அப்புத்தளை, பண்டாரவளை ஊடாகப் பதுளைத் திசையில் செல்கின்றது. மற்றையது கொஸ்லந்தை ஊடாக வெல்லவாயவுக்கு இறங்குகின்றது. வெளிநாட்டில் பல ஆண்டுகள் உழைத்துத் திரும்பும் நம் பிள்ளைகள் பலர் இச்சந்தியைக் கடந்தே தோட்டத்து வீடுகளை அடைகின்றனர். விடுமுறை முடிந்ததும் அதே வழியாகத் திரும்பிச் செல்வோரும் உண்டு. நெடுங்காலம் அயல்நாட்டில் வாழ்ந்தவருக்கு வீடு எது? பிறந்த இடமா? வாழ்ந்து பழகிய இடமா?

மலையக மக்களுக்கு இக்கேள்வி புதியதன்று. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்குச் செல்ல வேண்டும் என்று வகுத்தது. அந்த எண்ணிக்கை முழுமையாக நிறைவேறாவிடினும், இலட்சக்கணக்கானோர் லயங்களில் கண்ணீருடன் விடைபெற்றனர். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியோர் அவர்களுள் மிகப் பலர். அவர்களைத் தாயகம் திரும்பியோர் என்று அரசு ஏடுகள் குறித்தன. ஆனால் பலருக்குப் பிறந்த மண் இந்த மலைகளே.

இராமேசுவரம் அமைந்துள்ள இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் ஓரியூரும் உள்ளது. பிறந்த நாட்டுக்கும் வாழ்ந்த நாட்டுக்கும் இடையே நின்று முடிவெடுத்த ஒருவரின் இரத்தம் சிந்தப்பட்ட ஊர் அது. அவரே புனித அருளானந்தர்.

யோவான் தெ பிரித்தோ என்னும் இயற்பெயருடைய அவர், 1647 மார்ச் 1ஆம் நாள் போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகரில் உயர்குடியில் பிறந்தார். அரண்மனையில் வளர்ந்த அவருக்கு இளவரசர் பேதுரு இளமைத் தோழர். சிறுவயதில் கடும் நோயுற்றபோது, அவருடைய தாய் புனித சவேரியாரிடம் நேர்ச்சை வைத்து மன்றாடினார். பிழைத்தெழுந்த மகன் 1662ஆம் ஆண்டு இயேசு சபையில் சேர்ந்தார். 1673ஆம் ஆண்டு குருவாகி, அவ்வாண்டே இந்தியாவுக்குக் கப்பலேறினார். அதுவே அவரது முதல் விடைபெறுதல்.

தமிழ் மண்ணில் அவர் அந்நியராக வாழ விரும்பவில்லை. காவியுடை தரித்தார், புலால் மறுத்தார், தமிழ் கற்று அருளானந்தர் ஆனார். மதுரை மறைப்பணித்தளத்தின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். 1686ஆம் ஆண்டு மறவர் நாட்டில் தம் உபதேசியார்களுடன் சிறைப்பட்டுக் கொடிய வதைகளுக்கு ஆளானார். சேதுபதி மன்னர் அவரை விடுவித்தாலும், தம் நாட்டில் இனிப் போதிக்கலாகாது எனத் தடை விதித்தார்.

அதன்பின் மறைப்பணித்தளத்தின் தேவைகளை எடுத்துரைக்குமாறு சபையினர் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினர். 1688ஆம் ஆண்டு, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், லிஸ்பன் அவரை வரவேற்றது. இளமைத் தோழர் இப்போது மன்னர். தம் மகனுக்கு ஆசிரியராக அவர் அரண்மனையிலேயே தங்க வேண்டும் என்று மன்னர் விரும்பினார். பெற்ற தாயும் உற்ற நண்பரும் பெருமைமிகு பதவியும் அங்கே இருந்தன. மறுகரையில் காத்திருந்ததோ தடையும் ஆபத்துமே.

எனினும் அவர் 1690ஆம் ஆண்டு மீண்டும் விடைபெற்றார். வாசகர்களே, இந்த இரண்டாம் விடைபெறுதலைச் சற்றுச் சிந்தியுங்கள். முதன்முறை செல்பவருக்கு முன்னிருக்கும் துன்பம் தெரியாது. அருளானந்தரோ விலங்கின் பாரத்தை உடலால் அறிந்திருந்தார். அறிந்தும் சென்றார். தம்மை எதிர்பார்த்திருந்த எளிய மக்கள் இருந்த இடமே அவருக்கு வீடாயிற்று. மீண்டும் மறவர் நாட்டில் பணியாற்றி, 1693 பெப்ரவரி 4ஆம் நாள், 46 வயது நிறையுமுன், ஓரியூரில் தலை வெட்டுண்டு மறைச்சாட்சியானார். செய்தி லிஸ்பனை எட்டியபோது, அவருடைய தாய் துக்க உடை தவிர்த்து விழாவுடை அணிந்து அரசவைக்கு வந்தார் என்பர். 1947ஆம் ஆண்டு திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

ஒன்றை நாம் மறத்தலாகாது. அருளானந்தர் தம் வழியைத் தாமே தெரிந்துகொண்டார். கப்பலேறிய நம் உறவினர் பலருக்கோ அத்தெரிவு கிட்டவில்லை. அவர்களது கண்ணீரை இறைத்திட்டம் என்று எளிதாகச் சொல்லிக் கடந்துவிடுவது நேர்மையன்று. ஆயினும் எக்கரையில் நின்றாலும், நம் அன்பு தேவைப்படுவோர் அங்கே இருக்கின்றனர் என்பதை இப்புனிதரின் வாழ்வு உணர்த்துகின்றது.

ஆகவே, அயல்நாட்டிலிருந்து திரும்பும் மகனிடமும் மகளிடமும் என்ன கொண்டுவந்தாய் என்று வினவுமுன், எவ்வளவு துன்புற்றாய் என்று வினவுங்கள். மீண்டும் செல்வோரைக் குடும்பமாகக் கூடிச் செபித்து அனுப்புங்கள். பிரிந்து செல்வதால் அவர்களது அன்பு குறைந்துவிட்டதென்று எண்ணாதீர்கள். பிறந்த ஊரில் அந்நியராய் உணர்வோர் உங்கள் அயலில் இருப்பின், அவர்களை உங்கள் இல்லத்துக்கு அழையுங்கள்.

செபம்: ஆண்டவரே, கடல் கடந்து வாழும் எம் பிள்ளைகளைக் காத்தருளும். திரும்பி வருவோருக்குத் திறந்த கதவாக எம் இல்லங்களை ஆக்கியருளும். புனித அருளானந்தரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.