ஹாப்கின் சுமந்த பழி

கொள்ளைநோய்க் காலத்தில் சர்க்காரின் கஜானா எதற்குத் திறக்கிறது, எதற்கு மூடுகிறது என்று கவனித்தால் அதன் உள்ளம் விளங்கிவிடும். வால்டெமார் ஹாப்கினின் சரித்திரமே இதற்குச் சான்று.

அவர் 1860-இல் ஒடெஸாவில் பிறந்தவர். யூதரென்ற காரணத்தால் ருஷ்யாவில் ஆசிரியப் பதவி மறுக்கப்பட்டு, பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் நூலக உதவியாளராகச் சேர்ந்தார். 1892-இல் காலராத் தடுப்பு மருந்தைத் தம் உடலிலேயே முதலில் செலுத்திச் சோதித்தார். மறு வருஷம் இந்தியா வந்தார்.

1896-இல் பம்பாயில் பிளேக் தோன்றியது. ஐரோப்பியத் துறைமுகங்கள் பம்பாய்ச் சரக்கை ஏற்க மறுக்குமோ என்ற அச்சம் சர்க்காரை உலுக்கியது. ஏழைகளின் சாவைவிட வியாபாரத்தின் நஷ்டமே அதற்குப் பெரிதாயிற்று என்போம். 1897 பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் பிறந்தது. வீடு புகவும் பிரயாணிகளைத் தடுத்து வைக்கவும் அது அதிகாரமளித்தது. நல்லெண்ணத்துடன் செய்ததாகச் சொன்னால் அதிகாரிமீது வழக்கில்லை. அதற்கு முந்தின மாதமே ஹாப்கின், கிராண்ட் வைத்தியக் கல்லூரியின் சிறு அறையில் பிளேக் மருந்தைத் தயாரித்துத் தாமே ஊசி போட்டுக் கொண்டிருந்தார்.

1898-இல் நோய் பெங்களூரை எட்டிற்று. ஓசூரும் ஊத்தங்கரையும் அந்நாளில் சேலம் ஜில்லாத் தாலுகாக்கள்; பெங்களூரின் நோய் ஓசூரின் வாசலில் நின்ற நோயே. சென்னை சர்க்கார் நோயுள்ள இடங்களிலிருந்து வந்தோருக்குப் பிளேக் பாஸ்போர்ட் கொடுத்துப் பத்து நாள் கண்காணித்தது. கூலிக்காரனுக்குப் பத்து நாள் என்பது பத்து நாள் பட்டினி. அதற்கு ஈடு யார் கொடுத்தார்?

காற்றும் வெளிச்சமும் உள்ள குடியிருப்புக்குப் பணம் வேண்டும்; ஊசியோ மலிவு. பஞ்சாப் சர்க்கார் லட்சக்கணக்கில் மருந்து கேட்டது. 1902 அக்டோபரில் முல்கோவால் கிராமத்தில் ஒரே புட்டியிலிருந்து ஊசி போடப்பட்ட 19 பேர் வில்வாதத்தால் மாண்டனர். அவசரப்பட்ட சர்க்கார் தப்பியது, ஹாப்கின் பதவியிழந்தார். திறந்தபோது கீழே விழுந்த இடுக்கியால் புட்டி கெட்டிருக்கலாமென்ற சாட்சியத்தை விசாரணை பொருட்படுத்தவில்லை. 1907-இல் ரொனால்ட் ராஸ் முதலிய அறிஞர்கள் வாதாடிய பிறகே அவர் பழி நீங்கிற்று. 1925-இல் பம்பாய் ஆராய்ச்சி நிலையம் அவர் பெயரைப் பெற்றது. 1930-இல் அவர் லோஸானில் காலமானார்.

2020-இல் கொரோனா வந்தபோது, அதே 1897-ஆம் வருஷத்துச் சட்டம் மீண்டும் கையிலெடுக்கப்பட்டது. ஓசூர் எல்லை மூடப்பட்டது. ஆலைத் தொழிலாளர் வருமானமின்றி நின்றனர். தடுக்கும் அதிகாரத்தை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். தடுக்கப்பட்டவனுக்குச் சோறிடும் கடமையை எந்தப் பக்கத்தில் எழுதப் போகிறோம்? அதைச் சட்டமாகக் கேட்பதே நேயர்கள் இன்று செய்யத் தக்க தேசத் தொண்டு.