வ.வே.சு. ஐயரும் சேரன்மாதேவிப் பந்தியும்

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைச் சேருமுன் பொருநை சேரன்மாதேவியைக் கடந்தே வருகிறது. அவ்வூர்க் குருகுலமே வ.வே.சு. ஐயர் வாழ்வின் தீராத வினாவாகும்.

1881இல் வரகனேரியில் பிறந்த ஐயர், இலண்டனில் சட்டம் பயின்றும், ஆங்கில அரசுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்துப் பாரிஸ்டர் பட்டத்தைத் துறந்தார். 1910இல் புதுவையில் அடைக்கலம் புகுந்தார்; பிறப்பால் யாவரும் நிகரென்னும் திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

1922இல் அவர் தொடங்கிய குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவர்க்குத் தனிப்பந்தி இடப்பட்டது. ஐயரோ எவருடனும் உண்பவர். எனினும் பெற்றோர்க்கு அளித்த வாக்கை மீற மனங்கொள்ளவில்லை. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் வெகுண்டெழுந்தது நியாயமே. காங்கிரஸிடம் 5000 ரூபாய் பெற்ற பொது நிறுவனமன்றோ அது! 1925இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அவ்வாண்டு ஜூனில் பாபநாசம் அருவியில் மகள் சுபத்திராவைக் காக்க முயன்று உயிர்நீத்தார்.

மனிதர் நிகரென 1776இல் எழுதிய அமெரிக்கரான ஜெபர்சன், தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தார். ஐயர் எவரையும் அடிமை கொண்டவரல்லர். ஆயினும் நாட்டின் தளையை வெறுத்தவர் பந்தியின் பிரிவினையைப் பொறுத்தார். மகளுக்காக உயிரீந்தவரை நாம் இகழோம். விலக்கப்பட்ட சிறுவரின் வேதனையை மறக்கவும் மாட்டோம். இவ்விரண்டையும் ஒருங்கே நினைத்தலே வரலாற்றுக்கு நாம் செய்யும் நீதியாகும்.